கண்ணை மூடினால் பூமி ஆடும்

பூஜ் நிலநடுக்கத்தில் உயிர் தப்பியவருக்கு எல்லோரும் சிபாரிசு செய்த மருந்து தியானம். முதலில் அது அவரை விரட்டியடித்தது. கை கொடுத்ததெல்லாம் பிறகுதான்.

ஏழு வருடங்கள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் பாதியளவு தண்ணீர் இருந்தது. குடிப்பதற்கு அல்ல. நடு ராத்திரியில் தூக்கம் கலையும்போது டார்ச் அடித்து அந்தத் தண்ணீரைப் பார்ப்பேன். தண்ணீர் ஆடவில்லை என்றால் பூமி ஆடவில்லை. அப்படியானால் ஆடுவது நான்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு மறுபடி படுப்பேன். ஒரே ராத்திரியில் பத்துத் தடவைகூட இது நடந்திருக்கிறது.

2001 ஜனவரி 26 அன்று காலை 8.46 மணிக்கு குஜராத்தின் கட்ச் மாவட்டத்தை நிலநடுக்கம் தாக்கியபோது நான் பூஜ் நகரில் இருந்தேன். வங்கி அதிகாரி உத்தியோகம். திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நாலு மாடி அபார்ட்மென்ட்டில் இரண்டாவது மாடி வீடு. ஊர் பிடித்திருந்தது. வெயில் நமக்குப் புதிதல்ல. அந்த வறண்ட குளிர்தான் புதிது.

அன்று குடியரசு தினம். ஒன்பது மணிக்கு வங்கியில் கொடியேற்றம். பாத்ரூமில் நின்று ஷேவ் செய்துகொண்டிருந்தேன். ஒரு கன்னம் முடிந்திருந்தது. முதலில் வந்தது சத்தம். கனமான லாரிகள் வரிசையாக வீட்டுக்கு அடியில் போவது போல. பிறகு சுவர்க் கண்ணாடி கழன்று வாஷ்பேசினில் விழுந்து உடைந்தது. அதற்குப் பிறகு நான் செய்தது ஒன்றுதான். ஓடினேன்.

சமையலறையில் மனைவி இருந்தாள். கூடத்தில் நாலு வயது மகள் தரையில் உட்கார்ந்து கலர் பென்சிலால் தேசியக் கொடி வரைந்துகொண்டிருந்தாள். வாசலுக்குப் போக அந்தக் கூடத்தைத் தவிர வேறு வழி கிடையாது. ஆகவே மகளைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறேன். அது எனக்கு நினைவில்லை. நினைவில் இருப்பது தெரு. இடுப்பில் துண்டு, முகத்தில் பாதி சோப்பு நுரை, வெறுங்கால். தூசியில் எதிர் வீடு தெரியவில்லை. எதிர் வீடே இல்லை என்பது தூசி அடங்கிய பிறகுதான் தெரிந்தது.

எவ்வளவு நேரம் கழித்து என்று சொல்லத் தெரியவில்லை, மனைவி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கைப்பிடிச் சுவர் போய்விட்ட படிக்கட்டில் இறங்கி வந்தாள். நெற்றியில் ரத்தம். என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மகளை என் கையில் கொடுத்துவிட்டுத் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கட்டடத்தின் முன்பாதி விரிசல்களோடு நின்றது. பின்பாதி அப்படியே உட்கார்ந்துவிட்டது. அந்தப் பாதியின் தரைத் தளத்தில்தான் பா குடியிருந்தார். குஜராத்தியில் பா என்றால் அம்மா. எழுபது வயதுக்கு மேல். தனியாக இருந்தார். என் மனைவியை ‘தீக்ரி’, அதாவது மகளே என்றுதான் கூப்பிடுவார். எங்கள் வீட்டு சாம்பாரில் சர்க்கரை இல்லாததை ஒரு குறையாகவே சொல்வார். அவர் குரல் இடிபாட்டுக்குள்ளிருந்து கேட்டது. நானும் இன்னும் ஐந்தாறு பேரும் கையாலும் கடப்பாரையாலும் பெயர்த்துப் பார்த்தோம். கான்கிரீட் பலகை அசையவில்லை. கிரேன் இல்லை, இரும்பு வெட்டும் கருவி இல்லை, மின்சாரமும் டெலிபோனும் இல்லை. ஊரின் பொது மருத்துவமனையே இடிந்து, காயம்பட்டவர்களுக்கு ஜூபிலி மைதானத்தில் திறந்த வெளியில் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. மறுநாள் மதியம் வரை பாவின் குரல் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

அந்த நிலநடுக்கத்தின் அளவு 7.7. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 13,800க்கும் அதிகம். பக்கத்து அஞ்சாரில் கொடியோடு ஊர்வலம் போன பள்ளிக் குழந்தைகள் 185 பேரும் ஆசிரியர்கள் 20 பேரும் குறுகலான சந்தில் இரு பக்கத்துக் கட்டடங்களும் சரிந்து இறந்தார்கள். இதோடு ஒப்பிட்டால் எனக்கு என்ன நடந்தது? ஒன்றும் இல்லை. மனைவி நெற்றியில் நாலு தையல். உள்ளங்காலில் எனக்கு ஒரு கண்ணாடிச் சில்லு. பல வருடங்கள் நான் யாரிடமும் வாய் திறக்காததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

அந்த வருடமே பெங்களூருக்கு மாற்றல் கிடைத்தது. தரைத் தள வீடாகப் பார்த்தேன். வாசல் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட விடமாட்டேன். கட்டிலுக்குக் கீழே செருப்பு, தலைமாட்டில் டார்ச், பக்கத்தில் டம்ளர். மின்விசிறி லேசாக ஆடினால் எழுந்து நிற்பேன். தெருவில் தண்ணீர் லாரி போனால் வயிறு இறுகும். ஷேவிங் சோப்பின் வாசனை பிடிக்காமல் தாடி வளர்த்தேன். கேட்டவர்களிடம் திருப்பதி வேண்டுதல் என்று பொய் சொன்னேன். ஜனவரி 26 அன்று டி.வி. போடக்கூடாது. இதெல்லாம் வெளியே தெரிந்தவை. தெரியாத ஒன்று, மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டால் எனக்கு ஒன்றுமே தோன்றாது. மரக்கட்டை மாதிரி நிற்பேன்.

இதற்கு ஒரு பெயர் உண்டு என்று அப்போது தெரியாது. போஸ்ட் டிராமாட்டிக் ஸ்ட்ரெஸ் டிஸ்ஆர்டர், சுருக்கமாக பி.டி.எஸ்.டி. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, 1980ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் இதைச் சேர்த்தார்கள். நடந்தது மறுபடி மறுபடி கண் முன்னால் வருவது, அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, உணர்ச்சி மரத்துப் போவது, எந்நேரமும் உஷார் நிலையில் இருப்பது என்று அதன் லட்சணங்களைப் பட்டியல் போடுகிறார்கள். பின்னாளில் அந்தப் பட்டியலைப் படித்தபோது, யாரோ என் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து எழுதியது போல இருந்தது.

நம் நாட்டில் தூக்கம் வரவில்லை என்று நாலு பேரிடம் சொன்னால் மூன்று தியான முகாம்களின் விலாசம் கிடைக்கும். எனக்கும் கிடைத்தது. 2003ல் வங்கியில் ஒரு சக அதிகாரி விண்ணப்பத்தைக் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு ரத்த அழுத்தம் குறைந்திருந்தது, முகத்தில் களை வந்திருந்தது. நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்தார். ஒரு மலையடிவாரத்தில் ஏழு நாள் மௌன முகாம். பேசக் கூடாது, படிக்கக் கூடாது, வீட்டுக்கு போன் செய்யக் கூடாது. விண்ணப்பத்தில் பெயர், வயது, சர்க்கரை வியாதி உண்டா என்று கேட்டிருந்தார்கள். உங்களுக்கு வாழ்க்கையில் பயங்கரமாக ஏதாவது நடந்ததா என்று எந்தக் கட்டமும் கேட்கவில்லை.

முதல் இரண்டு நாள் மூச்சைக் கவனித்தோம். கால் மரத்தது, கொட்டாவி வந்தது, அவ்வளவுதான். மூன்றாம் நாள் அதிகாலை உடம்பைக் கவனிக்கச் சொன்னார்கள். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை, என்ன உணர்கிறோமோ அதை அப்படியே பார்க்க வேண்டும். மண்டபத்தில் அறுபது எழுபது பேர் இருப்போம். இருமல் சத்தம்கூட இல்லை. நான் என் முதுகைக் கவனித்தேன். முதுகு ஆடிக்கொண்டிருந்தது. மிக லேசாக, முன்னும் பின்னும், விடாமல். இன்னும் கூர்ந்து கவனித்தேன். ஆட்டம் அதிகமானது. தரை ஆடுகிறது என்று உடம்பு முடிவு செய்துவிட்டது. காதுக்குள் அந்த லாரிச் சத்தம். கண்ணைத் திறந்தபோது நான் மண்டபத்துக்கு வெளியே, ஈரப் புல்லில், வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளே எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

மறுபடியும் நான் மட்டும் ஓடியிருக்கிறேன்.

முகாம் நடத்தியவர் அன்பானவர்தான். தோளில் கை வைத்து, ‘உள்ளே கிடந்த பழைய கழிவு வெளியேறுகிறது, நல்லதுதான், விடாமல் உட்காருங்கள்’ என்றார். உட்கார்ந்தேன். அன்று சாயங்காலத்துக்குள் பாவின் குரல் கேட்க ஆரம்பித்தது. நினைவு அல்ல. குரல். அன்று ராத்திரியே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அதன் பிறகு ஒரு மாதம், முன்பு எப்போதும் இல்லாத அளவுக்கு மோசம். தியானம்கூட வராத ஜென்மம் என்று என்னை நானே ஒதுக்கி வைத்தேன்.

இப்போது திரும்பிப் பார்த்தால் கோபம் வருவது அந்த மனிதர் மேல் அல்ல. தியானம் யாருக்கும் எப்போதும் நல்லதுதான் செய்யும், கெடுதல் செய்யவே செய்யாது என்று நாம் ஒரு சமுதாயமாகவே நம்பிக்கொண்டிருக்கிறோமே, அதன் மேல்தான். மாத்திரைக்குப் பக்க விளைவு உண்டு என்று ஒப்புக்கொள்கிறோம். இதற்கு ஒப்புக்கொள்வதில்லை.

மேலும் ஐந்து வருடம் போயிற்று. 2008ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பதினொரு வயது மகள் கூடத்தில் ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருந்தாள். நான் உள்ளறையில் படுத்திருந்தேன். தரை அதிர்ந்தது. எழுந்து வந்தேன், கயிற்றைப் பிடுங்கினேன், அதனாலேயே அடித்தேன். ஒரு அடி அல்ல. அவள் காலில் மூன்று நாள் தடம் இருந்தது. அன்று ராத்திரி மனைவி குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

“திங்கக்கிழமை டாக்டரைப் பாருங்க. இல்லேன்னா செவ்வாய்க்கிழமை நான் இவளைக் கூட்டிக்கிட்டு திருச்சிக்குப் போயிடுவேன்.”

திங்கட்கிழமை போனேன்.

அந்த மனநல மருத்துவர் முதல் நாள் என்னிடம் கேட்ட கேள்வி, “உட்காருவதற்கு எந்த நாற்காலி வசதி?” என்பது. கதவு தெரிகிற நாற்காலியைக் காட்டினேன். குறித்துக்கொண்டார். முகாமில் நடந்ததைச் சொன்னபோது சிரிக்கவும் இல்லை, பதறவும் இல்லை. “சம்மணம் போட்டு அசையாமல் உட்கார்ந்தால் எல்லோர் உடம்பும் ஆடத்தான் செய்யும்” என்றார். இதயம் ஒவ்வொரு தடவை ரத்தத்தைத் தள்ளும்போதும் உடல் மயிரிழை அளவு அசைகிறதாம். அந்த அசைவைப் பதிவு செய்து இதயத்தை ஆராயும் கருவியே ஒரு காலத்தில் புழக்கத்தில் இருந்திருக்கிறது. மற்றவர்கள் அதைக் கவனிக்க மாட்டார்கள். கவனித்தாலும் பொருட்படுத்த மாட்டார்கள். எனக்கு அது 8.46. பெரிய நிலநடுக்கங்களுக்குப் பிறகு பூமி ஆடாதபோதும் ஆடுவது போன்ற உணர்வு ஏராளமானவர்களுக்கு மாதக்கணக்கில் இருக்கிறது. ஜப்பானில் இதற்கு ‘ஜிஷின் யோய்’ என்று தனி வார்த்தையே இருக்கிறது. நிலநடுக்கப் போதை என்று சொல்லலாம்.

நான் சுமந்துகொண்டிருந்த அவமானத்தில் கால்வாசி அந்த ஒரு விளக்கத்திலேயே இறங்கிவிட்டது.

சிகிச்சை என்றால் தியானம் என்று நினைத்துவிட வேண்டாம். தூங்குவதற்கும் படபடப்புக்கும் மாத்திரை கொடுத்தார். முக்கியமான வேலை பேசுவது. அந்தக் காலையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை, நிகழ்காலத்தில், கண்ணாடி விழுவதிலிருந்து, வாராவாரம் சொல்ல வேண்டும். சொன்னதைப் பதிவு செய்து வீட்டில் தினமும் கேட்க வேண்டும். முதல் மூன்று வாரம் ‘நான் கீழே வந்துவிட்டேன்’ என்றுதான் சொன்னேன். ‘ஓடினேன்’ என்ற வார்த்தை நாலாவது வாரம்தான் வந்தது. பயங்கரத்தை விட்டு விலகுவதால்தான் அது பெரிதாகிறது, பத்திரமான இடத்தில் உட்கார்ந்து அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தால் கூர் மழுங்கும் என்பதுதான் இந்த முறையின் அடிப்படை. பி.டி.எஸ்.டி.க்கு இதுவரை அதிகம் சோதித்துப் பார்க்கப்பட்ட சிகிச்சைகளில் இது ஒன்று. சுகமான சிகிச்சை அல்ல. பாதியில் ஓடிவிடுபவர்கள் அதிகம். நான் ஓடாமல் இருந்ததற்குத்தான் தியானம் வேண்டியிருந்தது.

“நமக்கு வேண்டியது கண்ணை மூடுகிற தியானம் இல்லை, திறந்து வைக்கிற தியானம்” என்றார் டாக்டர். நாற்காலியில் உட்கார வேண்டும். முதுகு சுவரில், இரண்டு பாதங்களும் தரையில், கதவு கண்ணெதிரில். மூச்சை விடுவதை மட்டும் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ண வேண்டும். கவனத்தை உடம்புக்குள் கொண்டுபோகவே கூடாது. வெளியே கேட்கும் சத்தங்களில் வைக்க வேண்டும். காய்கறிக்காரன், பிரஷர் குக்கர், காக்கா. மூன்று நிமிடம். பயம் வந்தால் எழுந்து போகலாம், அது தோல்வி அல்ல. முகாமில் யாரும் இதைச் சொல்லவில்லை. எழுந்து போக அனுமதி இருக்கிறது என்று தெரிந்த பிறகு எழுந்து போவது குறைந்துவிட்டது. வேடிக்கைதான்.

மூன்று நிமிடம் ஐந்தானது. இரண்டு மாதத்தில் பத்தானது. மேஜை மேல் டம்ளரை வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடிதான் உட்காருவேன். அது எனக்குப் பெரிய துணையாக இருந்தது. டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “அடுத்த வாரத்திலிருந்து டம்ளர் வேண்டாம்” என்றார். சண்டை போட்டேன். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. டம்ளரைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும், பார்த்ததால்தான் பிழைத்தேன் என்று மூளை கற்றுக்கொள்கிறது. பார்க்காமலே பிழைத்துக்கொள்ள முடியும் என்பதை அதற்கு எப்போது சொல்லிக் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். டம்ளர் இல்லாத முதல் ராத்திரி தூங்கவே இல்லை. இரண்டாவது ராத்திரியும். ஒன்பதாவது ராத்திரி தூங்கினேன்.

கடைசியாகத்தான் உடம்பைக் கவனிக்க அனுமதித்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு. முதுகு ஆடியது. நெஞ்சு அடித்துக்கொண்டது. விரலை மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன். ஆட்டமும் நாடியும் ஒரே தாளத்தில் இருந்தன. பூமிக்கு என் நாடியின் தாளம் தெரியாது அல்லவா? அன்று நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். வங்கியில் எழுபது லட்ச ரூபாய்க் கணக்கை ஒரு பைசா பிசகாமல் நேர் செய்கிறவனுக்கு இந்தச் சின்னக் கணக்கு நேராக ஏழரை வருடம் ஆகியிருக்கிறது.

இந்த விஷயத்தில் ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று பிறகு தேடிப் படித்தேன். மனோதத்துவம் படிக்கப் போன மகள் கட்டுரைகளை அனுப்பி உதவினாள். நம் நாட்டில் நடந்தவையே உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு அந்தமானில் 47 பேருக்கு ஒரு வாரம் யோகப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில் பயம், பதற்றம், துக்கம், தூக்கமின்மை எல்லாம் குறைந்தன. நாகப்பட்டினம் பகுதி முகாம்களில் 183 பேரிடம் மூச்சுப் பயிற்சியைச் சோதித்தார்கள். பயிற்சிக்காகக் காத்திருந்தவர்களைவிடப் பயிற்சி பெற்றவர்களுக்கு நன்றாகவே குறைந்தது. 2008 பீகார் வெள்ளத்துக்குப் பிறகு 22 பேரைக் கொண்டு நடந்த சின்ன ஆய்வில் ஒரு வார யோகாவால் துக்கம் குறைந்தது. யோகா செய்யாதவர்களுக்குப் பதற்றம் கூடியிருந்தது.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினரிடம் பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2015ல் வெளிவந்த ஒன்றில் 116 பேர். தியானப் பயிற்சி பெற்றவர்களில் பாதிப் பேர் தங்களுக்குக் கணிசமாகக் குறைந்ததாகச் சொன்னார்கள். வெறுமனே கூடிப் பேசிய குழுவில் அப்படிச் சொன்னவர்கள் கால்வாசிக்குச் சற்று மேல். ஆனால் பரிசோதித்துப் பார்த்து ‘இவருக்கு இப்போது பி.டி.எஸ்.டி. இல்லை’ என்று சொல்ல முடிந்தவர்களின் விகிதத்தில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. 2018ல் வந்த இன்னொன்றில் 203 பேர். மந்திரத்தை உச்சரிக்கும் ஆழ்நிலை தியானம், நான் செய்தது போன்ற பேச்சு சிகிச்சை, சுகாதார வகுப்பு என்று மூன்று குழுக்கள். நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் முறையே 61, 42, 32 சதவீதம். ஆழ்நிலை தியான அன்பர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள். ஆய்வை முன்னின்று நடத்தியவர் மகரிஷி பெயரிலேயே உள்ள பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்வது நியாயம். அதற்காக ஆய்வு பொய் என்று ஆகாது. கடையைக் கவனித்துக்கொண்டே தராசைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குப் புரிந்த அளவில் இவை சொல்வது, தியானத்தால் பலருக்குப் பாரம் குறைகிறது என்பதைத்தான். வேரோடு போய்விடும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. இன்னொன்றும் தோன்றியது. அந்தமானிலும் பீகாரிலும் யாரையும் மௌனத்தில் தனியாகப் போட்டு அடைத்து வைக்கவில்லை. கையைக் காலை அசைப்பது, மூச்சுப் பயிற்சி, கூட நாலு பேர் என்றுதான் நடந்திருக்கிறது. என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறவர்களுக்கு (அப்படியும் சிலர் வருகிறார்கள்) நான் சொல்வது ஒன்றே ஒன்று. ‘மூடச் சொல்லும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளலாமா என்று முதலிலேயே கேளுங்கள். கூடாது என்று சொல்லும் இடத்துக்கு இப்போது போக வேண்டாம்.’

மனைவியிடம் பேசியது 2009 ஜனவரியில். டாக்டர்தான் சொன்னார், இது என்னிடம் சொல்லி முடிகிற கதை அல்ல என்று. ராத்திரி மகள் தூங்கிய பிறகு சமையலறையில் நின்றுகொண்டு சொன்னேன். “அன்னிக்கு உங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு ஓடினேன். பாப்பாவைத் தாண்டி ஓடினேன்.”

அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

“தெரியும். பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்.”

“ஏன் இத்தனை வருஷமா ஒரு வார்த்தை கேக்கலை?”

“என்ன கேக்கறது? கை கால் உதறி எல்லாரும்தான் ஓடினாங்க. என் பக்கத்துல இருந்ததால நான் இவளைத் தூக்கினேன். உங்க பக்கத்துல இருந்திருந்தா நீங்க தூக்கியிருப்பீங்க. இல்லே, தூக்காமலும் போயிருப்பீங்க. யாருக்குத் தெரியும்?” கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள். “அன்னிக்கு நீங்க ஓடினது ரெண்டு நிமிஷம். அப்புறம் எட்டு வருஷமா வீட்டுக்கே வரலையே, அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன்.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. குழாயைத் திறந்து மீதிப் பாத்திரத்தைத் தேய்த்தாள். நான் துடைத்து அடுக்கினேன். ஆபத்தில் கால்கள் ஓடுவது ஒரு முடிவே அல்ல, மூளை யோசிப்பதற்கு முன்னாலேயே உடம்பு செய்துவிடுவது என்று டாக்டர் பல தடவை விளக்கியிருக்கிறார். புத்திக்கு அது புரிகிறது. முழுவதும் சமாதானம் ஆகவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவள் சொன்ன அந்த ‘யாருக்குத் தெரியும்’ இன்னும் என்னோடு உட்காருகிறது. உட்காரட்டும் என்று விட்டுவிட்டேன். தியானத்தில் கற்றுக்கொண்டதில் உருப்படியானது அதுதான் என்று நினைக்கிறேன்.

பூஜில் புஜியா குன்றின் மேல் இறந்தவர்களுக்காக ‘ஸ்மிருதிவன்’ என்ற நினைவிடத்தை 2022ல் திறந்தார்கள். இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். அடுத்த வருடம் நானும் மனைவியும் போனோம். நாங்கள் இருந்த அபார்ட்மென்ட் இருந்த இடமே அடையாளம் தெரியவில்லை. அகலமான தெருக்கள் போட்டு ஊரை மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். குன்றின் மேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பாவின் குரல் வந்தது. இந்தத் தடவை இடிபாட்டிலிருந்து அல்ல. சாம்பாரில் ஏன் வெல்லம் போடவில்லை என்று கேட்கிற குரல்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. புது வீட்டில் முதல் ராத்திரி இன்னும் கஷ்டம்தான். ஷேவிங்குக்கு இன்றும் சோப்பு கிடையாது, எலெக்ட்ரிக் ரேசர். பேரிடர் செய்தி வரும் நாட்களில் மாத்திரை எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் போகிறேன். தினமும் காலையில் இருபது நிமிடம் அதே நாற்காலி. கண்ணைப் பாதி மூடி, பாதி திறந்து. ஜனவரி 26 காலையிலும் உட்காருகிறேன். டி.வி. ஓடிக்கொண்டிருக்கும்.

மகள் இப்போது மும்பையில் வேலை பார்க்கிறாள். போன வருடம் புது ஃபிளாட்டுக்குக் குடிபோனாள். “அப்பா, பதினாலாவது மாடி. வருவீங்களா?” என்று போனில் தயங்கித் தயங்கிக் கேட்டாள். போனோம். லிப்ட் கதவு திறந்ததும் முழங்கால் விட்டுப் போயிற்று. உள்ளே போய் முதலில் கண்ணில் பட்ட நாற்காலியில் உட்கார்ந்து பாதங்களைத் தரையில் ஊன்றினேன். கீழே எங்கோ ரயில் போனது. அம்மாவும் பெண்ணும் அடுக்களையில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள், என்னைக் கண்டுகொள்ளாத மாதிரி. பத்து நிமிடத்தில் எழுந்துபோய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முழுதாகக் குனிந்து பார்க்கவில்லை.

ராத்திரி படுக்கப் போனபோது கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் ஒரு கண்ணாடி டம்ளர் இருந்தது. பாதியளவு தண்ணீர். மகள் வைத்திருக்கிறாள். பதினொரு வயதுவரை தினமும் பார்த்தது அவளுக்கு மறக்கவில்லை. விளக்கை அணைப்பதற்கு முன்னால் அந்தத் தண்ணீரை ஒரு தடவை பார்த்தேன், பொய் சொல்வானேன். பிறகு அதைக் குடித்துவிட்டுப் படுத்தேன்.